வேட்டி, முறம், தாளம்: ஓர் ஈராசிரியர் பள்ளியில் நாடக விளையாட்டு

2023 பிப்ரவரியில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு நானே ஒரு நாடகம் எழுதினேன். மரத்தை வெட்டாதே என்பது கதை. 14 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வசனம், மூன்று வாரம் மனப்பாடம். மேடையில் மூன்றாவது பிள்ளைக்கு வசனம் மறந்துபோனது. நான்காவது பிள்ளை மூன்றாவதின் வசனத்துக்காகக் காத்து நின்றது. ஐந்தாவது நான்காவதைப் பார்த்தது. மைக் மட்டும் கொய்ங் என்று கத்திக்கொண்டிருந்தது. கடைசியில், வசனமே இல்லாமல் மரமாக நிற்க வைத்திருந்த பையன் பொறுக்க முடியாமல் எல்லாருடைய வசனத்தையும் வரிசையாக அவனே சொல்லி முடித்தான். வெட்டப்பட வேண்டிய மரமே நாடகத்தை நடத்தி முடித்ததில் ஊருக்கு ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்பில் பூவாக நின்ற இரண்டாம் வகுப்புப் பெண் அழுதுவிட்டாள். அதன்பிறகு வகுப்பிலும் அவள் வாய் திறக்கவில்லை. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். அவளை இங்கே பூ என்றும் அந்தப் பையனை மரம் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

செய்யாறு பக்கம், ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மொத்தம் 31 பிள்ளைகள். தலைமையாசிரியர் 4, 5ஆம் வகுப்புகளைப் பார்க்கிறார். 1 முதல் 3 வரை ஒரே அறையில் என்னிடம். அந்த ஜூனில் என் முன்னால் இருந்த கணக்கு இது: நான்காம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு என்ற ஒன்றையே கண்ணால் பார்க்காதவர்கள். 2020 ஜூனில் சேர்ந்தவர்கள், கொரோனாவால் முழு வருஷமும் வீடு. மூன்றாம் வகுப்புக்கு வந்தவர்களுக்கு ஒன்றாம் வகுப்பு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. எழுத்து தெரியாததை அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பிடித்துவிடலாம். வரிசையில் நிற்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, அடுத்தவன் பேசும்போது கேட்பது, தோற்றால் அடிக்காமல் இருப்பது என்று சில விஷயங்கள் உண்டே, அவற்றுக்கு எந்த அட்டையும் கிடையாது. அந்த வயதில் தெருவில் பத்துப் பேரோடு ஆடித்தான் அதெல்லாம் வரும். இவர்களுக்கு அந்தத் தெருவும் மூடிக் கிடந்தது.

கல்லூரிக் காலத்தில் ஒரு நாடகப் பட்டறையில் பத்து நாள் இருந்திருக்கிறேன். அங்கே எழுதி வைத்த நோட்டு கிடைத்தது. இனி நாடகம் வேண்டாம், நாடகத்துக்கு முந்தைய விளையாட்டுகளை மட்டும் ஆடுவோம் என்று தொடங்கினேன். வேடிக்கை பார்க்க ஆள் கிடையாது, மேடை கிடையாது, வசனம் கிடையாது. ஐந்து வகுப்பும் சேர்ந்து, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம்.

முதலில் உடைந்தது கைதட்டல் கடத்துவது. வட்டமாக நின்று, ஒருவர் பக்கத்து ஆளின் கண்ணைப் பார்த்துத் தட்ட, அவர் வாங்கி அடுத்தவருக்குத் தட்டுவார். தவறவிட்டவர் அவுட். நோட்டில் அப்படித்தான் இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் பார்த்தால் ஒன்றாம் வகுப்பு முழுக்கச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் மரமும் இன்னும் இரண்டு பேரும் துப்பாக்கிச் சண்டை மாதிரி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்காக இந்த விளையாட்டை எடுத்தேனோ அவர்களே முதலில் வெளியே. பூ அவுட்டாவதற்கென்றே தவறவிட்டாள் என்று எனக்குச் சந்தேகம். ஓரமாகப் போய் உட்கார்ந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி.

மறுநாள் அவுட் என்பதை எடுத்துவிட்டேன். யார் தவறவிட்டாலும் எல்லாரும் 'ஹோய்' என்று கத்திக்கொண்டு வேறு இடத்துக்கு ஓட வேண்டும், புது ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். இப்போது தப்பு செய்வதுதான் கொண்டாட்டம். கொஞ்ச நாள் வேண்டுமென்றே தவறவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 'எத்தினி சுத்து உடாம போவுது பாக்கலாம்' என்று அவர்களே எண்ணத் தொடங்கினார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஒரு நாள் ஏழு சுற்று. அந்த ஏழில் பூவின் கையும் இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அதுவரை 'சண்டை போடாதே, பொறுமையாக இரு, சின்னப் பிள்ளைக்கு இடம் கொடு' என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது கத்தாமலே அது நடந்தது. மாறியது ஒரே ஒரு விதி. அதிலிருந்து எந்த விளையாட்டு கெட்டாலும் பிள்ளைகளைத் திட்டுவதில்லை, விதியைக் கழற்றிப் பார்க்கிறேன்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் குழந்தை விளையாட்டைப் பற்றிப் பேசியபோது ஓர் உதாரணம் சொன்னார். ஐந்தும் ஏழும் வயதான இரண்டு அக்கா தங்கைகள் 'அக்கா தங்கை விளையாட்டு' ஆடுகிறார்கள். வீட்டில் இயல்பாக இருக்கும்போது யோசிக்காத ஒன்றை, அக்கா என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, விளையாடும்போது யோசிக்கிறார்கள். பாசாங்கு விளையாட்டு என்றாலே உள்ளே விதி இருக்கிறது என்பது அவர் கருத்து. படித்தபோது பரீட்சைக்கு எழுதினேன், மறந்துவிட்டேன். எங்கள் பள்ளியில் நிஜமாகவே ஓர் அக்காவும் தங்கையும் உண்டு, ஒரு பென்சிலுக்காக முடியைப் பிடித்துக்கொள்பவர்கள். ஒருநாள் 'நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா நடிங்க' என்றேன். பெரியவள் உடனே சின்னவளின் மூக்கைத் தன் பாவாடையால் துடைத்துவிட்டாள். சின்னவள் பயந்தேபோனாள்.

கண்ணாடி விளையாட்டுக்கு வருகிறேன். நான் நிறைய நாள் செலவழித்தது இதில்தான். இரண்டு பேர் எதிரெதிரே. ஒருவர் அசைய, மற்றவர் கண்ணாடியில் தெரியும் உருவம்போல அப்படியே செய்ய வேண்டும். கேட்க எளிது. எங்கள் வகுப்பில் அது குஸ்தியானது. தலைவனாக இருப்பவன் வெடுக்கென்று குதிப்பான், குனிவான், 'தோத்துட்ட! தோத்துட்ட!' எதிராளியைத் தோற்கடிப்பதுதான் விளையாட்டு என்று புரிந்துகொண்டார்கள். 'மெதுவாடா, மெதுவா' என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது.

பட்டறை நோட்டில் வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் பற்றி ஒரு பக்கம் உண்டு. சிகாகோவில் நெவா பாய்டு என்ற சமூகப் பணியாளரிடம் விளையாட்டுகளைக் கற்றவர். 1930களின் கடைசியில், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை பார்த்தபோது, நடிப்பைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதை விட்டு, ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு விளையாட்டு செய்தார். ஆடுகிறவர் கவனம் வைக்க ஒரு புள்ளியைக் கொடுத்துவிட வேண்டும், மற்றதை அந்தக் கவனம் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வழி. சரி, என் பிள்ளைகளின் கவனம் எங்கே இருக்கிறது? எதிராளியைக் கவிழ்ப்பதில். அதை எங்கே திருப்பலாம்?

மூன்றாவதாக ஓர் ஆளைச் சேர்த்தேன். அவன் போலீஸ். இரண்டு பேரில் யார் நிஜ ஆள், யார் கண்ணாடி என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து அவனை ஏமாற்ற வேண்டும். அவ்வளவுதான். முந்தின நாள் வரை குதித்த மரம், எதிரே நின்ற ஒன்றாம் வகுப்புப் பொடியனின் கண்ணையே பார்த்துக்கொண்டு, கையை அவ்வளவு மெதுவாகத் தூக்கினான். தேன் வழிகிற மாதிரி. பொடியன் இமைத்தால் இவனும் இமைத்தான். அறையில் சத்தமே இல்லை. போலீஸ் இரண்டு முறை தப்பாகச் சொன்னான். மரம் வந்து என்னிடம், 'டீச்சர், அவன் வேகமா வரமாட்டான், நான்தான் நிறுத்தி நிறுத்தி இட்டுக்கினு போவணும்' என்றான். தொண்டை கட்டக் கத்தியதை அவன் எனக்கே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 25ஆம் தேதி காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதுவரை விளையாட்டு மதியம்தான், காலையில் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வருவார்கள், பிரேயரிலேயே சுருண்டுவிடுவார்கள். திட்டம் வந்தபிறகு விளையாட்டைக் காலைக்கு மாற்றினேன். நல்ல மாற்றம், ஒரு விதிவிலக்கோடு. புதன்கிழமை பொங்கல். பொங்கல் சாப்பிட்ட வயிற்றோடு கண்ணாடி விளையாட்டு ஆடினால் ஒருவர் விட்ட கொட்டாவி அறை முழுக்கப் பிரதிபலிக்கும். புதன் என்றால் ஓட்டம்.

நிறுத்துவதற்கு விசில் வைத்திருந்தேன். விசில் ஊதினால் பிள்ளைகள் விறைப்பாக நிற்பார்கள், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். ஊரில் கூத்துக்குப் போடும் தாளம் ஒரு ஜோடி இரவல் வாங்கினேன். ஒரு தட்டு. ஓசை தேய்ந்து தேய்ந்து காதில் அறவே விழாமல் போகும்வரை கண்மூடி நிற்க வேண்டும், போனதும் கையைத் தூக்க வேண்டும். முதல் நாள் எல்லாக் கையும் உடனே தூக்கின. ஒரு வாரத்தில் யார் கடைசியாகத் தூக்குவது என்று போட்டி. தாளம் ஓய்ந்தபிறகு வேறென்ன கேட்டது என்பேன். 'டிராக்டர்', 'சத்துணவு ஆயா பாத்திரம் கழுவுது', 'அவன் மூக்கு'. செலவில்லாத பொருள்களில் இன்றுவரை எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

முறம் கொஞ்சம் அவமானப்படுத்தியது. 'இது முறம் இல்லை, வேறென்ன?' என்று நடுவில் வைத்து, பேசாமல் செய்து காட்டச் சொன்னேன். ஸ்டியரிங், கேடயம், யானைக் காது என்றெல்லாம் வரும் என்று காத்திருந்தேன். முதல் பையன் காதில் வைத்தான். செல்போன். அடுத்தவளும் செல்போன். மூன்றாவது பிள்ளை செல்போனில் செல்ஃபி. வரிசையாக ஒன்பது செல்போன். 'செல்போன் கூடாது' என்று தடை போட்டேன். டேப்லெட் வந்தது.

இதில் என் குற்றமும் உண்டு. முதல் பையன் செய்ததும் நான் 'சூப்பர்!' என்று கத்தியிருந்தேன். டீச்சருக்குப் பிடித்தது எது என்று தெரிந்துவிட்டால் யார் வேறொன்றைத் தேடுவார்கள்? பாராட்டுவது திட்டுவதைவிட மோசமாக விளையாட்டைக் கெடுக்கும். வாயை மூடிக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் நழுவிவிடும்.

தடை பலிக்கவில்லை என்றதும் வழியைத் திருப்பினேன். சரி, செல்போன்தான். யாருக்குப் பேசுகிறாய்? பேசு. ஒரு நான்காம் வகுப்புப் பையன் முறத்தைக் காதில் வைத்துக்கொண்டு சென்னையில் கட்டட வேலை பார்க்கும் அவன் அப்பாவிடம், 'சார்ஜர் எட்துக்கினு போய்ட்டியாப்பா? இங்க அம்மா என்னியத் திட்டுது' என்றான். பிறகு கொஞ்ச நேரம் கேட்டான், தலையாட்டினான், 'சரி, வெச்சிடறேன்' என்றான். எதிர்முனையில் என்ன பதில் வந்திருக்கும் என்று எல்லாருக்கும் புரிந்தது. 31 பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடத்தில் 'உரையாடல் எழுதுக' என்று வருமே, அதற்கு அந்த வாரம் நான் தனியாகப் பாடம் நடத்தவில்லை. அந்த போன்காலின் எதிர்முனையை எழுதச் சொன்னேன், அரை நோட்டு எழுதினார்கள்.

எழுத்துக்கு என்று நான் வேண்டுமென்றே செய்தது ஒன்றே ஒன்று. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன. இந்தக் குழப்பத்துக்கு நான் போடாத கோலமில்லை. ஒருநாள் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் பெரிதாக 'ஆ' எழுதி, அதன் பக்கத்தில் 'ை' போட்டு, பிறகு இடம் விட்டேன். அந்த இடத்தில் பிள்ளைகள் உடம்பால் எழுத்தாக வேண்டும். மூன்று பேர் மூன்று சுழியாகச் சுருண்டு படுத்தார்கள், நான்காமவன் காலை நீட்டிக் கம்பமானான். என்ன வார்த்தை? ஆணை. ராஜா போடும் ஆணை. மற்றவர்கள் விறைப்பாக நின்று 'ஆணை! ஆணை!' என்று முழங்கினார்கள். தாளம் தட்டினால் ஒரு சுழி எழுந்து ஓட வேண்டும். ஓடியது. இரண்டு சுழி. ஆனை! உடனே முழங்கிக்கொண்டிருந்த ராஜாவின் ஆட்கள் தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறினார்கள். சுழி திரும்பி வந்தால் ஆணை, போனால் ஆனை. பிறகு பணியும் பனியும். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒரு சுழி போனதும் வெடவெடவென்று நடுங்கினார்கள். அந்த ஓடுகிற சுழியாக இருக்க அடிதடி நடந்ததால் அதற்கும் ஒரு முறை வரிசை வைக்க வேண்டியதாயிற்று. இப்போது நோட்டில் 'ன' தப்பாகப் போட்டவனிடம் 'உன் மூணாவது ஆளு எங்கடா?' என்றால் போதும். எல்லாருக்கும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ல, ள, ழ மூன்றும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அவற்றை உடம்பால் எழுதிப் பார்த்தோம், குவியலாகத்தான் வந்தது.

இதற்கிடையில் ஊரில் பேச்சு. ஒரு பாட்டி பேரனைக் கூட்டிப்போக வந்தவர் வாசலிலேயே நிறுத்தினார். 'இன்னா டீச்சர், பசங்கள கூத்தாட வுட்டுக்கினு கீறீங்களாமே? பாடம்லாம் எப்ப?' நான் விளக்கத் தொடங்கினேன், எடுபடவில்லை. அவர் பேரனைக் கேட்டார்: 'இன்னாடா ஆட்னீங்க இன்னிக்கி?' அவன் ஆனையைப் பிளிறிக் காட்டினான். பாட்டி சிரித்துவிட்டு, 'ஆனைன்னா தாளம் வோணாமா? எங்கூட்டுக்காரரு இருந்த வரைக்கும்...' என்று ஆரம்பித்தார். அவர் கணவர் கூத்து ஜமாவில் தாளம் போட்டவராம். நாங்கள் இருப்பது கூத்து மண். கூத்துக்குப் பேர்போன புரிசை பஸ்ஸில் போய்வரும் தூரம். திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து, துரியோதனன் வீழும் படுகளத்தன்று அவனுடைய பிரம்மாண்டமான மண் உருவத்தைச் சுற்றி ஓடி வளர்ந்த பிள்ளைகளுக்கு, சிகாகோவிலிருந்து விளையாட்டு தேடிக்கொண்டிருந்தேன் நான்.

பாட்டி பேசியதிலிருந்துதான் திரை வந்தது. கூத்தில் பெரிய வேஷங்கள் நேராகச் சபைக்கு வந்துவிடாது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும், பின்னாலிருந்து பாட்டு வரும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்திருப்பது யார், எந்த நாடு என்று துருவித் துருவிக் கேட்பான். அதற்கெல்லாம் பிறகுதான் திரை விலகும். கூச்சப்படுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. யார் பார்வையும் படாமல் சபைக்கு நடுவில் நிற்கலாம். எவ்வளவு காட்டுவது என்பது அவர் கையில்.

வீட்டிலிருந்து பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். இரண்டு பேர் பிடித்தார்கள். பின்னால் ஒரு பிள்ளை, முதலில் கால் மட்டும் காட்ட வேண்டும். நடையை வைத்து யார் வருகிறார்கள் என்று வகுப்பு முழுவதும் கட்டியக்காரனாகி ஊகிக்க வேண்டும்: கிழவியா, போலீஸா, கோழியா? பிறகு ஒரு கை. பிறகு ஒரு குரல். பிடிக்கவில்லையென்றால் திரைக்குப் பின்னாலேயே போய்விடலாம், யாரும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் முதல் நாளே வைத்தேன். அதற்குள் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

பூ முதல் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் எழுந்து போனாள். திரைக்குக் கீழே இரண்டு கால் தெரிந்தது, அசையவில்லை. 'மரமா?' என்று யாரோ கேட்டார்கள், சிரிப்பு, எனக்குத் திக்கென்றது. கால் இல்லை என்பதுபோல ஒரு முறை தரையைத் தட்டியது. 'பூவா?' மறுபடியும் ஒரு தட்டல். 'பாம்பா?' தட்டல். கேள்வி கேட்டுக் கேட்டுப் பத்து நிமிடம். யாருக்கும் சலிப்பு வரவில்லை, அவளும் போய்விடவில்லை. மரம்தான் ஒருபக்கம் திரையைப் பிடித்திருந்தவன், கை வலித்தும் இறக்கவில்லை. கடைசியில் உள்ளிருந்து குரல் வந்தது. 'பொண்ணு' என்றாள். சும்மா ஒரு பொண்ணு. கட்டியக்காரர்கள் விடுவார்களா, 'எந்த நாட்டுப் பொண்ணு?' என்றார்கள். 'இதே ஊரு.'

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அவள் வகுப்பில் பேசத் தொடங்கியது ஜனவரியில், அதுவும் பக்கத்துப் பெண்ணிடம், என்னிடம் இல்லை. விளையாட்டுதான் காரணமா, வயதா, நான் 'ஏன் பேச மாட்டேங்கறே' என்று கேட்பதை நிறுத்தியதா, தெரியாது. இன்னொரு பையனிடம் எதுவும் எடுபடவில்லை. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான், வட்டத்தில் கை கோக்க மாட்டான். அவனை விளையாட்டால் சரிசெய்ய முயன்றதே தப்பு. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் பார்த்த பிறகு, அவனுக்கு வாசற்படிக்குப் பக்கத்தில் ஓர் இடமும், தாளம் தட்டும் வேலையும் கொடுத்தோம். சத்தத்தை அவனே தொடங்கினால் காதைப் பொத்துவதில்லை.

2024 பிப்ரவரி ஆண்டு விழாவுக்கு நாடகம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. கும்மி ஆடினோம்.

வருஷக் கடைசியில் சாமான்களைத் துவைத்து வைக்க எடுத்தேன். முறத்தில் ஓரக் கட்டு அவிழ்ந்திருந்தது, கட்டக் கொடுத்தேன். வேட்டியில் நடுவில், பிள்ளைகளின் கண் உயரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கிழிசல். ஆணியில் மாட்டிக் கிழிந்திருக்கும் என்று நினைத்து, மதிய இடைவேளையில் ஊசி நூல் கோத்துக்கொண்டிருந்தேன். பூ சாப்பாட்டுத் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு வேட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

'தைக்காதீங்க டீச்சர். அது வழியா எல்லாரும் இருக்காங்களான்னு பாத்துட்டுதான் நான் பேசுவேன்.'